பன்னிரண்டு நிமிஷ பாக்கி

திண்டிவனத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில், மின்சாரம் போய் வந்ததும், பழைய கணினி ஒன்று சாவகாசமாக 2009-ஆம் வருஷத்துக்குத் திரும்பிவிட்டது; பிரவுசரோ சான்றிதழ்த் தேதி பொருந்தவில்லையென்று தளங்களையெல்லாம் நிராகரித்தது.

காரணம் அற்பம். மதர்போர்டிலுள்ள காசளவு பேட்டரி தீர்ந்துவிட்டது.

கணினி உறங்கும்போதும் விநாடிக்கு 32,768 முறை அதிரும் ஒரு ஸ்படிகத்தைப் போஷிப்பது அதுதான். விழித்தெழும் இயங்குதளம் அந்த ஸ்படிகக் கடிகாரத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டு, பின்னர் தானே எண்ணத் தொடங்கி, இணையம் கிடைத்ததும் தூரத்து அணுக்கடிகாரங்களோடு ஒப்பிட்டு, சிறு பிழையானால் ஒருவரும் அறியாவண்ணம் மெல்ல மெல்லச் சரிசெய்துகொள்கிறது.

நம் தேசத்தில் அத்தகைய கடிகாரங்களால் பொதுவான பிரமாண நேரத்தைப் பரிபாலிப்பது டில்லியின் தேசிய இயற்பியல் ஆய்வகம்.

1906-இல் வந்தது இந்தப் பொது நேரம். அதற்கு முன் ரயில்கள் மதராஸ் நேரத்தில் ஓடின.

சூரியனைக் கேட்டாலோ, திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்குமே அரை நிமிஷத்துக்கு மேல் வித்தியாசம்! விழுப்புரத்தின் சொந்த நேரம் இந்திய நேரத்துக்குச் சுமார் 12 நிமிஷம் பின்னால்.

எங்கும் தாமதமாகவே போய்ச் சேரும் எனக்குச் சாஸ்திரோக்தமான சமாதானம் ஒன்று கிடைத்துவிட்டது.

ஆனால் விழுப்புரம் ஜங்ஷனில் வண்டியைத் தவறவிட்டவன் இதைச் சொன்னால், ஸ்டேஷன் மாஸ்டர் ஒப்புக்கொள்வாரா, நண்பர்களே?