கரண்ட் தம்புரா

அண்ணன் மேடையில் நேராக நின்று வாசித்து நான் பார்த்ததே இல்லை. கூட்டத்துக்கு முழுமுகம் காட்டாமல், டிரம்ஸ் பக்கம் பாதி திரும்பி, ஒருக்களித்தாற்போலத்தான் நிற்பார். மதுரையைச் சுற்றி எங்கள் மெல்லிசைக் குழு போகாத திருவிழா குறைவு. எந்த ஊரானாலும் அவர் நிற்கிற தினுசு மாறாது. அதை ஸ்டைல் என்று நினைத்துக்கொண்டு, குழுவில் சேர்ந்த புதிதில் நானும் அப்படியே நின்று பார்த்தேன். ஒருநாள் கேட்டும்விட்டேன்.

"ஸ்டைலா? அட போடா. நேரா நின்னா இரையுது. இப்பிடித் திரும்புனா கொஞ்சம் அடங்கும்."

அவர் கிடாரில் இருந்தவை இரண்டு பி-90 பிக்கப்புகள். ஒற்றைச் சுருள் வகை. காந்தத்தோடு சேர்ந்த இரும்புத் திருகுகளைச் சுற்றி முடி போன்ற செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றிவைத்திருப்பார்கள். மேலே ஸ்ட்ரிங் அதிரும்போது காந்தப்புலம் அசையும், சுருளில் மின்சாரம் பிறக்கும். மின்கிடாரின் ரகசியம் இவ்வளவுதான். ஆனால் அதே சுருள் ஓர் ஆண்டெனாவும்கூட. சீரியல் செட், டிரான்ஸ்பார்மர் என்று பக்கத்தில் இருக்கிற எல்லாவற்றிலும் ஓடும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தையும் அது சேர்த்தே கேட்கும். எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறோம் என்பதைப் பொறுத்து இரைச்சல் கூடும், குறையும். வாசிப்பதற்கு முன் அண்ணன் கிடாரோடு மெதுவாக ஒரு சுற்று திரும்பிப் பார்ப்பார். எந்தக் கோணத்தில் அடங்குகிறதோ அதுதான் அன்றைக்கு அவருடைய இடம்.

"கரண்ட் போடுற தம்புராடா இது" என்பார். "என்ன, ஜி ஸ்கேல் பாட்டு வந்தா மட்டும் கிட்ட வந்து ஏமாத்தும்." உண்மைதான். தாழ்ந்த ஜி 49 ஹெர்ட்ஸ். கரண்ட் 50. ஒரு நூல் தூக்கலான சுருதி.

மூன்று வருடங்களுக்கு முன் அண்ணன் போய்விட்டார். காரியமெல்லாம் முடிந்த பிறகு மதினி என்னைக் கூப்பிட்டு அந்தப் பெட்டியைக் கொடுத்தார். லெஸ் பால் மாதிரியில் ஜப்பானில் செய்த கிடார். கப்பலில் வேலை பார்த்த ஒருவரிடம் அண்ணன் தவணையில் வாங்கியது. "பொட்டியில வச்சுப் பூட்டிறாத தம்பி. வாசி" என்றார்.

வாசிக்க முடியவில்லை. இப்போது மேடைக்குப் பின்னால் ஆளுயர எல்இடி திரை. மேலே டிம்மர் போட்ட விளக்குகள். அந்தக் கிடாரைச் சொருகினால் தம்புரா இல்லை, மாவு மில் கேட்டது. எந்தப் பக்கம் திரும்பினாலும் அடங்கவில்லை. இரண்டாவது கச்சேரியிலேயே மிக்சரில் இருந்த தம்பி சொல்லிவிட்டான்: "அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. அடுத்த வாட்டி உங்க பழைய கிடாரே கொண்டாங்க."

என் கிடாரில் இருப்பவை முழு அளவு ஹம்பக்கர்கள். 1955இல் கிப்சன் கம்பெனிப் பொறியாளர் சேத் லவர் காப்புரிமைக்கு விண்ணப்பித்த வடிவம் அது. இரண்டு சுருள்கள் பக்கத்தில் பக்கத்தில். ஒன்றுக்கொன்று எதிர்த்திசை, காந்த முனைகளும் எதிரெதிர். வெளியிலிருந்து வருகிற இரைச்சலுக்குக் காந்தமுனை பற்றிக் கவலையில்லை. இரு சுருளிலும் எதிரெதிராகப் பிறந்து தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். ஸ்ட்ரிங்கின் அதிர்வோ இரண்டு முறை திருப்பப்படுவதால் ஒன்றோடொன்று கூடும். இரைச்சல் போகும், சத்தம் நிற்கும்.

அண்ணன் கிடாரிலும் அதையே மாட்டிவிடலாம் என்று ரிப்பேர் செய்பவரிடம் கொண்டுபோனேன். அவர் ஸ்கேலை வைத்துப் பார்த்தார். பி-90க்குக் குடைந்த பள்ளம் அகலம் பத்தாது. முழு ஹம்பக்கர் சுமார் 38 மில்லிமீட்டர். மூன்று மில்லிமீட்டர் மரத்தை எடுக்க வேண்டும். "கால் மணி நேர வேல சார்" என்று ரூட்டர் மிஷினைக் காட்டினார். நான் பெட்டியை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். மூன்று மில்லிமீட்டர்தான். ஆனால் எடுத்த மரத்தைத் திரும்ப வைக்க முடியாது.

வழி அந்தக் கிடாரின் மூதாதை வரலாற்றிலேயே இருந்தது. கிப்சன் 1968இல் லெஸ் பால் கிடாரை மறுபடி செய்யத் தொடங்கியபோது தங்க நிற மாடலுக்கு பி-90தான் மாட்டினார்கள். ஆட்கள் ஹம்பக்கர் கேட்டார்கள். அங்கேயும் உடல்கள் பி-90 அளவுக்குக் குடையப்பட்டவை. 1957இல் கிப்சன் வசம் வந்த எபிபோன் கிடார்களுக்கென்று ஒரு சின்ன ஹம்பக்கர் ஏற்கெனவே இருந்தது. பி-90யின் உறையில் ஒரு செவ்வகம் வெட்டி அதற்குள் அந்தச் சின்னதை உட்காரவைத்தார்கள். 1969இல் வந்த லெஸ் பால் டீலக்ஸ் பிறந்த கதை இது. 'தி ஹூ' குழுவின் பீட் டவுன்ஷெண்ட் எழுபதுகளில் மேடைகளில் வாசித்தது இந்த வகைதான். ஆனாலும் டீலக்ஸ் வாங்கிய பலர் பின்னால் மரத்தைக் குடைந்து பெரிய ஹம்பக்கரைப் போட்டுக்கொண்டார்கள். இன்று பழைய கிடார் சந்தையில் குடையாதவற்றுக்கே மதிப்பு. எனக்கு அதைப் படித்தபோது கொஞ்சம் தைரியம் வந்தது.

பி-90 சட்டத்தில் பொருந்துகிற மினி ஹம்பக்கர் ஒரு ஜோடி வரவழைத்தேன். மரத்தில் ஒரு சீவல்கூட விழாமல் உட்கார்ந்தது.

சின்னதாக்கினால் சத்தமும் சின்னதாகும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். நானும் நினைத்தேன். சற்றுக் குறைகிறது, உண்மை. ஆம்ப்பை ஒரு பொட்டு கூட்டிவைத்தால் சரியாகிவிடும். மாறுவது வேறொன்று. பிக்கப் ஸ்ட்ரிங்கை ஒரு புள்ளியில் கேட்பதில்லை, ஒரு நீளத்தில் கேட்கிறது. பெரிய ஹம்பக்கரின் இரு சுருள்களுக்கு நடுவே சுமார் 18 மில்லிமீட்டர் இடைவெளி. மினியில் சுமார் 13. ஸ்ட்ரிங்கில் ஓடும் நுண்ணிய அலைகளில், ஒரு சுருளுக்கு மேலே ஏறும்போது மறு சுருளுக்கு மேலே இறங்குகிறவை இருக்கும். அவை கணக்கில் பூஜ்யமாகிவிடும். லெஸ் பால் நீளத்துக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். திறந்து மீட்டிய தடித்த ஸ்ட்ரிங்கில் பெரிய ஹம்பக்கர் விழுங்குவது ஏறக்குறைய 2,900 ஹெர்ட்ஸ் பக்கம். மினியில் அந்தக் குழி 4,000 பக்கம் நகர்ந்துவிடுகிறது. மெல்லிய ஸ்ட்ரிங்குகளில் இந்தக் குழி ஆம்ப்பின் ஸ்பீக்கர் எட்டாத உயரத்துக்குப் போய்விடும். அங்கே இதனால் பெரிய வித்தியாசம் வராது. அதனால்தான் மினியின் தெளிவு முதலில் தடித்த ஸ்ட்ரிங்குகளில் தெரிகிறது. போதாததற்குச் சின்னச் சுருளில் கம்பியும் குறைவு. மின்தூண்டல் குறைய, சுருளின் ஒத்ததிர்வு மேலே ஏறும். ஓசை இன்னும் துலங்கும்.

அளவு மட்டுமே எல்லாம் என்றும் சொல்ல மாட்டேன். 1963இல் வந்த ஃபயர்பேர்ட் கிடாரின் பிக்கப்பும் பார்வைக்கு மினிதான். ஆனால் அதில் காந்தம் ஒவ்வொரு சுருளுக்கு உள்ளேயே நிற்கும். சாதாரண மினியில் அடியில் ஒரே ஒரு காந்தம், ஒரு சுருளில் திருகுகள், மறு சுருளில் ஓர் இரும்புப் பட்டை. இரண்டின் குரலும் வேறு. ஜானி வின்டர் வாசித்த ஃபயர்பேர்டின் கூர்மை டீலக்ஸில் கிடைக்காது.

குழுவில் வாசித்தபோதுதான் எனக்குப் பிடிபட்டது. என் பழைய கிடார் தனியாகக் கேட்டால் நெய் மாதிரி இருக்கும். கச்சேரியில் பேஸ் கிடாரும் கீபோர்டுக்காரரின் இடது கையும் சேர்ந்து அதை முழுங்கிவிடும். நான் சத்தத்தைக் கூட்டுவேன், மிக்சர் தம்பி குறைப்பான். இத்தனை வருடமாக இந்தச் சண்டைதான். மினி அந்த அடிக்கூட்டத்தில் இடம் கேட்கவே இல்லை. கார்டு அடித்தால் ஆறு ஸ்ட்ரிங்கும் தனித்தனியாகக் கேட்டன. மிக்சர் தம்பி கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். தனியாக வாசிக்கும்போது அந்த நெய் இல்லைதான். டிஸ்டார்ஷன் போட்டு நீளமாக ஒரு சுரத்தைப் பிடித்தால் பெரியதன் உடம்பு இதற்குக் கிடையாது. ஒன்றை வாங்கி ஒன்றைக் கொடுத்திருக்கிறேன்.

மதினியிடம் சொல்லாமல் செய்தது உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சின்ன ஆம்ப்பையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் சொருகி, வால்யூமைத் திறந்து, அவர் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். அவரும் காத்திருந்தார்.

"என்ன தம்பி, கரண்ட் இல்லையா?"

"இருக்கு மதினி. ஆன்லதான் இருக்கு."

"சத்தத்தையே காணோமே."

அப்போதுதான் உறைத்தது. முப்பது வருடமாக அந்த வீட்டில் கிடார் என்றால் முதலில் அந்த இரைச்சல். அடுப்படியில் இருக்கிறவருக்கு, அண்ணன் வாசிக்கப் போகிறார் என்று சொன்னது அதுதான். நான் சரிசெய்ததாக நினைத்துக்கொண்டிருந்தது அதைத்தான்.

அண்ணன் விரல் சூடேற்ற வாசிக்கும் ஓட்டத்தைத் தடித்த ஸ்ட்ரிங்குகளில் வாசித்துக் காட்டினேன். தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"அவரு இன்னும் கொஞ்சம் கரகரன்னு வாசிப்பாரு. இது தொடச்சு வச்ச மாதிரி இருக்கு."

மறுக்க முடியாது. பி-90யின் அந்தக் கரகரப்பு மினியில் இல்லை. பழைய பிக்கப்புகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு எடுத்துப் போயிருந்தேன். மரத்தைத் தொடவில்லை, எப்போது வேண்டுமானாலும் திருப்பி மாட்டிவிடலாம் என்று விளக்கினேன். டப்பாவைத் திறந்து பார்த்தார். விரலால் ஒரு தடவை தொட்டார்.

"இங்க எதுக்கு? பொட்டிக்குள்ளேயே கெடக்கட்டும். நீ போயி வாசி."

போன பங்குனியில் ஒரு கோயில் திருவிழா. பின்னால் எல்இடி திரை, பக்கத்திலேயே ஜெனரேட்டர். அண்ணன் கிடார் சத்தமே இல்லாமல் தோளில் தொங்கியது. இப்போது எந்தப் பக்கம் பார்த்து நின்றாலும் ஒன்றுதான். முதல் பாட்டுக்குக் கை வைத்தபோது கவனித்தேன், டிரம்ஸ் பக்கம் பாதி திரும்பித்தான் நின்றுகொண்டிருக்கிறேன்.

புதிதாகச் சேர்ந்திருக்கும் கீபோர்டுப் பையன் இடைவேளையில் கேட்டான், "இதென்ன, ஸ்டைலாண்ணே?"

ஆமாம் என்றேன்.