கறியும் கிழங்கும்

ஞாயிற்றுக்கிழமை காலையில் கறிக்கடைக்குப் போய் வருவது சிறு வயதில் என் வேலை. இளங்குட்டியாகப் பார்த்து அரைக் கிலோ. அதில் நெஞ்செலும்பு இரண்டு துண்டாவது சேர வேண்டும். வீட்டில் சாப்பிட ஒன்பது பேர். இந்தக் கணக்கை எந்த வாத்தியாரும் போட்டிருக்க முடியாது. அம்மா போட்டாள். அரைக் கிலோ கறிக்கு ஒரு கிலோ உருளைக்கிழங்கு.

அவள் கைப்பக்குவம் இன்னும் கண்ணில் நிற்கிறது. சின்ன வெங்காயம் வதங்கிக் கறி நீர் விட்டதும், மல்லியும் மிளகாயும் சோம்பும் அம்மியில் அரைத்த மசாலாவைக் கூட்டுவாள். கறி முக்கால் வேக்காடு வந்த பிறகுதான் கிழங்கு உள்ளே போகும். தோலோடு நான்காக அரிந்த ஊட்டிக் கிழங்கு. தக்காளியின் புளிப்பில் அது சற்று நிதானமாகத்தான் வேகும். ஆனால் கரைந்து போகாமல் நிற்கும். உப்புக் கூடினால் கிழங்கு இழுத்துக்கொள்ளும் என்று சொல்வார்களே, அதை மட்டும் நம்பாதீர்கள். கிழங்கு குடிப்பது உப்புக் குழம்பைத்தான். மிஞ்சிய குழம்பு அதே கரிப்போடுதான் இருக்கும். நம்பிக் கெட்டவன் சொல்கிறேன்.

ஒரு ஞாயிறு அப்பாவோடு வேலை பார்த்தவர் ஒருவர் சாப்பிட வந்தார். அம்மா சட்டிக்குள் கரண்டியால் துழாவித் துழாவி அவர் இலையில் கறியாகவே வைத்தாள். என் இலைக்குக் கிழங்கு வந்தது.

“எனக்குக் கறியே இல்லே. எல்லாம் கிழங்குதான்!” என்றேன் உரக்க.

வந்தவர் நல்ல மனிதர். மறுபடி அம்மா கரண்டியோடு வந்தபோது இலையைக் கையால் மறைத்து, “பையனுக்குப் போடுங்கம்மா” என்றார். அப்பா தலை நிமிரவில்லை. அம்மா சிரித்தாள். “கிழங்கு போட்டாத்தாங்க குழம்புக்கு ருசி. இவனுக்கு அது தெரியறதில்லே.”

அன்று என்னை யாரும் அடிக்கவில்லை. அடித்திருந்தால் என்றோ மறந்திருப்பேன்.

1856-இல் நாட்டைப் பறிகொடுத்துக் கல்கத்தாவில் வந்து குடியேறிய லக்னோ நவாப் வாஜித் அலி ஷாவின் சமையற்காரர்கள், கறிக்குப் பணம் போதாமல்தான் பிரியாணியில் உருளைக்கிழங்கைச் சேர்த்தார்கள் என்று ஒரு கதை உண்டு. நவாபின் வழிவந்தவர்கள் அதை ஒப்புக்கொள்வதில்லை. அப்போது கிழங்கு அபூர்வப் பண்டம். ருசிக்காகச் சேர்த்தது என்கிறார்கள். இதைப் படித்தபோது எனக்கு அம்மாவின் சிரிப்புத்தான் ஞாபகம் வந்தது. மானத்தை மறைக்க நவாப் வீட்டிலும் இதே வார்த்தைதானா என்று நினைத்துக்கொண்டேன்.

போன மாதம் மனைவி ஊருக்குப் போயிருந்தாள். நானே சமைத்தேன். மூன்று பேருக்கு ஒரு கிலோ கறி, கிழங்கு கிடையாது. அதில் எனக்கு ஒரு வீம்பு. குழம்பு நீர்க்க நின்றது. காரம் தனியாக, எண்ணெய் தனியாக மிதந்தது.

அம்மா மெல்ல வந்து உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்தாள்.

“கிழங்கு போடலியா?”

“கறிதான் நெறைய இருக்கேம்மா.”

“இருந்தா? குழம்புக்கு ருசி எங்கேருந்துடா வரும்?”

அவள் முகத்தைப் பார்த்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிக் கேட்டுவிடலாமா என்று வாய் வரை வந்தது. அதற்குள் கூடையிலிருந்து மூன்று கிழங்கை எடுத்துக் கழுவி, அரிவாள்மணையை என் பக்கம் நகர்த்தினாள்.

“தோலைச் சீவாதே” என்றாள்.