அச்சு ஈயமும் துப்பாக்கிச் சன்னமும்

துப்பாக்கிகளை நான் என்றுமே விரும்பியவனல்லன். நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பத்திரிகைத் தொழிலில் இருந்த காலத்தில் அவற்றைப் பற்றி எழுதியதுண்டு. அவற்றால் இறந்தவர்களைப் பற்றி அதைவிட அதிகமாக எழுதியதுண்டு. ஆனால், ஒரு தோட்டா எவ்வாறு உருவாக்கப்படுகின்றது என்பதை அருகில் நின்று பார்க்கும் சந்தர்ப்பம் எனது எழுபதாவது வயதை அண்மித்த காலத்தில், அதுவும் கனடாவில்தான் கிடைத்தது.

சில ஆண்டுகளுக்கு முன்னர், ரொறன்ரோவுக்கு மேற்கே வசிக்கும் மகளின் வீட்டில் இலையுதிர் காலத்தைக் கழித்துக்கொண்டிருந்தேன். நான்கு வீடுகள் தள்ளி ஒரு வெள்ளைக்கார முதியவர் இருந்தார். இயந்திரத் திருத்துநராக வேலை செய்து ஓய்வு பெற்றவர். நான் பத்திரிகைக்காரன் என்பதை அறிந்ததும், "உங்களுக்குப் பரிச்சயமான பொருளொன்று எனது கராஜில் இருக்கின்றது, வந்து பாருங்கள்" என்றார்.

அன்று மழை. வாசலிலேயே என்னை மறித்து, குடையையும் நனைந்த மேலங்கியையும் வெளியே விட்டு வரும்படி பணித்தார். உள்ளே மின்னடுப்பில் ஈயம் உருகிக்கொண்டிருந்தது. உருகிய ஈயத்துக்குள் ஒரு துளி நீர் அகப்பட்டாலும் போதும், அது கணத்தில் ஆவியாகி உலோகத்தை நாலாபுறமும் வாரியிறைத்துவிடும். கராஜின் கதவை அவர் பாதி திறந்தே வைத்திருந்தார். உணவோ பானமோ அங்கே கொண்டுவரக்கூடாது என்பதும் அவரது விதி.

எனக்கு அந்த எச்சரிக்கை தேவைப்படவில்லை. அந்த மணமே போதுமாக இருந்தது. 1970களின் ஆரம்பத்தில் நான் ஒப்புநோக்காளராகச் சேர்ந்த கொழும்பு அச்சுக்கூடத்தின் மணம் அது. தமிழுக்குக் கையால் அச்சுக்கோத்தார்கள். அதே நிறுவனத்தின் ஆங்கிலப் பத்திரிகைக்கு லைனோ இயந்திரங்கள் இருந்தன. அந்தப் பகுதியிலும் ஈரக்கையோடு எவரும் உலோகப் பானையை நெருங்க முடியாது.

முதியவர் ஒரு தகர வாளியைக் காட்டினார். அது நிறைய லைனோ வரிகள்! மூடப்பட்ட ஒரு சிற்றூர் அச்சகத்திலிருந்து நிறைக்கு வாங்கியவையாம். ஜேர்மனியில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஒட்மார் மேர்கந்தாலர் உருவாக்கிய லைனோடைப் இயந்திரம், 1886ஆம் ஆண்டு 'நியூயோர்க் ட்ரிபியூன்' பத்திரிகையில் முதன்முதலாக வேலைக்கு வந்தது. ஒரு முழு வரியை ஒரே ஈயத்துண்டாக வார்த்துத் தந்ததால் அந்தப் பெயர். அதன் பின்னர் ஏறத்தாழ நூறாண்டு காலம் உலகின் செய்திகள் பெருமளவில் இந்த உலோகத்திலேயே பிறந்தன. கணினியும் ஒப்செட்டும் வந்தபோது அது ஏராளமாகத் தெருவுக்கு வந்தது. தாமே சன்னம் வார்க்கும் வட அமெரிக்கத் துப்பாக்கிக்காரர்கள் அதை விரும்பி வாங்கினார்கள்.

அதற்குக் காரணம் உண்டு. லைனோ உலோகத்தில் நூற்றுக்கு 84 பங்களவு ஈயம், 12 பங்களவு அந்திமனி, 4 பங்களவு வெள்ளீயம். தனி ஈயம் உருகுவதற்கு 327 பாகை செல்சியஸ் வேண்டும். இக்கலவைக்கு 240 பாகையளவே போதும். வெள்ளீயம் அச்சின் மூலைமுடுக்கெல்லாம் உலோகத்தை ஓடச் செய்கின்றது. அந்திமனி கடினத்தைத் தருவதோடு, ஆறும்போது உலோகம் சுருங்குவதையும் குறைக்கின்றது. ஓர் எழுத்தின் நுனி மழுங்காமல் வருவதற்கு எந்தக் குணம் தேவையோ, அதே குணம்தான் ஒரு சன்னத்தின் விளிம்பு சரியாக வருவதற்கும் தேவைப்படுகின்றது.

முதியவரின் துப்பாக்கி 1943இல் செய்யப்பட்ட .303 லீ-என்பீல்ட். எமது நாட்டில் எனது தலைமுறையினர் நன்கறிந்த துப்பாக்கி அது. பொலிஸ் நிலைய வாசலில் காவல் நின்றவரின் தோளில் தொங்கியதை எத்தனையோ தடவைகள் கண்டிருக்கின்றேன். அவரிடமிருந்தது, மகளின் வீட்டுக்குச் சற்றுத் தொலைவில் லோங் பிராஞ்ச் என்ற இடத்தில் இருந்த யுத்தகாலத் தொழிற்சாலையில் செய்யப்பட்டது. அங்கே வேலை செய்தவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். அதன் பரிசோதனைக் கட்டடம் இப்போது ஒரு கலைக்கூடம்.

".303 என்பது பெயர், அளவன்று" என்று தொடங்கினார் அவர். குழலின் உள்ளே சுருண்டு செல்லும் வரிகளின் மேட்டிலிருந்து மேட்டுக்கு அளந்தால்தான் அந்த எண் வரும். பள்ளத்திலிருந்து பள்ளத்துக்கு அளந்தால் .314 அங்குலமளவில் இருக்க வேண்டும். யுத்த அவசரத்தில் செய்யப்பட்ட குழல்கள் பலவற்றில் அது .316, .317 வரை போய்விட்டது. கடையில் விற்கும் சன்னமோ .311 அல்லது .312. அது செம்புக் கலவையால் உறையிடப்பட்டது, பின்னாலிருந்து வரும் பெரும் அழுத்தத்தையும் தாங்கும். உறையில்லாத வார்ப்பு ஈயம் அப்படியன்று. குழலைவிடச் சிறிதாக இருந்தால், எரியும் மருந்தின் வாயு அதன் ஓரங்களால் கசிந்து ஈயத்தை உருக்கும். உருகிய ஈயம் குழலின் சுவரில் அப்பிக்கொள்ளும். சன்னம் வரிகளைப் பற்றாமல், சரியாகச் சுழலாமல், தடுமாறிச் செல்லும். சுவரிலே தொங்கிய பழைய இலக்குத்தாள் ஒன்றைக் காட்டினார். வட்டமான துளைகளுக்குப் பதிலாகச் சாவித்துவாரம் போன்ற நீள்துளைகள். சன்னங்கள் பக்கவாட்டில் புரண்டபடி வந்து மோதியதன் அடையாளம்.

ஆகவே, வார்க்கும் சன்னம் குழலின் பள்ளத்தைவிட அங்குலத்தின் ஆயிரத்திலொரு பங்கோ இரண்டு பங்கோ பெரிதாக இருக்க வேண்டும். ஒரு தலைமயிரின் பருமனிலும் குறைவான வித்தியாசம் அது. எந்தப் புத்தகத்தையும் நம்பாமல் அவர் குழலையே கேட்டிருக்கின்றார். மெதுவான தனி ஈயக் குண்டொன்றைக் குழலின் வழியே கோலால் மெல்லத் தட்டிச் செலுத்தி, மறுபுறம் வந்ததைத் திருகுக்கணிச்சியால் அளந்து குறித்திருக்கின்றார். அவருடையது அவசரகாலத்தில் இரண்டே வரிகளோடு வெட்டப்பட்ட குழல். அதனால் அளப்பது எளிதாயிற்று.

பின்னர் வேலையைக் காட்டினார். மரப்பிடி போட்ட அச்சில் ஈயத்தை வார்த்தார். அச்சு சூடேறும்வரை வந்த முதற் சன்னங்கள் சுருக்கம் விழுந்திருந்தன. அவற்றைத் திரும்பவும் பானைக்குள் போட்டார். நல்லவற்றின் அடியில் செம்பாலான சிறு கிண்ணமொன்றைப் பொருத்தி, வளையத்தினூடாக அழுத்தி அளவாக்கி, பள்ளங்களில் தேன்மெழுகு கலந்த மசகை நிரப்பினார். பாவித்த பித்தளைக் கோதின் கழுத்தைச் சற்று விரித்து, வாயை மணிபோல் மிகச் சிறிதாக அகட்டினார். அப்படிச் செய்யாவிட்டால், பெருத்த சன்னத்தைச் செருகும்போது கோதின் விளிம்பு ஈயத்தைச் சீவிவிடும்.

"பெரிது நல்லதென்றால் இன்னும் பெரிதாக வார்க்கலாமே?" என்று கேட்டேன். அவர் கையை நிறுத்தினார். மருந்தில்லாத வெற்றுத் தோட்டா ஒன்றைத் துப்பாக்கியில் இட்டுப் பூட்டிக் காட்டினார். சுடும்போது கோதின் கழுத்து சற்றே விரிந்து சன்னத்தை விடுவிக்க வேண்டும். சன்னம் அளவு மீறிப் பெருத்திருந்தால் கழுத்து விரிவதற்கு அறைக்குள் இடம் இராது. அழுத்தம் கட்டுமீறி உயரும். அதன் பின்னர் என்ன நடக்கும் என்பதை அவர் சொல்லவில்லை. தமது கண்களைத் தொட்டுக் காட்டினார். சிறிதானால் இலக்குத் தவறும், பெரிதானால் சுடுபவனுக்கே ஆபத்து. இரண்டுக்கும் இடையிலுள்ள இடம் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்குதான்.

எனக்கு எமது போர்மன் ஐயாவின் நினைவு வந்தது. அச்செழுத்தின் உயரம் .918 அங்குலம். தேய்ந்து குறுகிய எழுத்தில் மை பிடிக்காது. சற்றே உயர்ந்து நிற்கும் எழுத்து காகிதத்தைக் குத்திக் கிழிக்கும். அவர் பக்கத்தின் மேல் விரலை ஓட்டியே எந்த எழுத்து தாழ்ந்தது, எது உயர்ந்தது என்று சொல்லிவிடுவார். திருகுக்கணிச்சி எதுவும் அவரிடம் இருந்ததில்லை. 1980களின் ஆரம்பத்தில் ஒப்செட் வந்தபோது எமது எழுத்துகளைச் சாக்குகளில் கட்டி லொறியில் ஏற்றினார்கள். "நிறைக்கு விக்கிறாங்கள், தம்பி" என்று மட்டும் சொன்னார். யார் வாங்குகின்றார்கள், எதற்கு என்று நான் கேட்கவில்லை. செய்தியாளன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

ஈயமும் மெழுகும் கொழுப்பும் எமது பிராந்தியத்தின் சரித்திரத்தையே ஒருமுறை மாற்றியிருக்கின்றன. முன்வாயால் மருந்திடும் பழைய துப்பாக்கிகளில் சன்னம் குழலைவிடச் சிறிதாக இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே இறங்காது. 1850களின் என்பீல்டில், சுட்டபின்னரே சன்னம் விரிந்து வரிகளைப் பற்றியது. அதன் காகித உறைக்குப் பூசிய கொழுப்பு பசுவினதும் பன்றியினதும் என்ற பேச்சு 1857 ஜனவரியில் கல்கத்தாவுக்கு அருகேயுள்ள டம்டம்மில் பரவியது. அவ்வாண்டின் சிப்பாய்க் கிளர்ச்சிக்கு அதுவும் ஒரு காரணமாயிற்று. பின்வாயால் தோட்டா இடும் முறை வந்த பின்னரே, குழலைவிடப் பெருத்த சன்னத்தைச் செலுத்துவது இலகுவாயிற்று.

அந்தக் கராஜில் நின்றபோது எனக்குள் ஒரு சங்கடம் இருந்தது. அவரது நிதானத்தை, நேர்மையான கைவேலையை நான் இரசித்துக்கொண்டிருந்தேன். அதே வேளை, மேசையில் வரிசையாக நின்றவை சன்னங்கள். 2000 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தில் தமது வீட்டில் எழுதிக்கொண்டிருந்த மயில்வாகனம் நிமலராஜன் சுடப்பட்டார். 2004 மே மாத இறுதியில் மட்டக்களப்பில் ஐயாத்துரை நடேசன். 2005 ஏப்ரலில் தர்மரத்தினம் சிவராம். 2009 ஜனவரியில் லசந்த விக்கிரமதுங்க கொல்லப்பட்டார். எழுத்தை நிறுத்துவதற்காகச் சன்னத்தைத் தெரிவு செய்தவர்கள் எமது நாட்டில் இருந்தார்கள். இங்கே, எழுத்தையே உருக்கிச் சன்னமாக்கிக்கொண்டிருந்தார் ஒரு நல்ல மனிதர்.

கேட்காமல் இருக்க முடியவில்லை. "இவற்றால் எதைச் சுடுவீர்கள்?"

"காகிதத்தை" என்றார் அவர். வேட்டையை விட்டு இருபது ஆண்டுகளாகின்றனவாம். சுடுகளத்தில் நூறு யார் தூரத்தில் இலக்குத்தாள், அதற்குப் பின்னால் மண்மேடு. வசந்த காலத்தில் அந்த மேட்டைக் கிளறி, புதைந்த ஈயத்தைப் பொறுக்கி வந்து மீண்டும் உருக்குவார். ஒரே ஈயம் எத்தனை தடவைகள் காகிதத்தைத் துளைத்துத் திரும்பி வந்திருக்கும் என்று அவருக்கே தெரியாது.

அடுத்த கைப்பிடி வரிகளைப் பானைக்குள் இட எடுத்தார். அதில் ஒன்றைத் தரும்படி கேட்டேன். ஒப்புநோக்காளனாக இருந்த காலத்தில் எழுத்துகளை வலமிருந்து இடமாக வாசித்துப் பழகிய கண் இன்னும் மறக்கவில்லை. மழை காரணமாக அடுத்த சனிக்கிழமைக்கு ஒத்திவைக்கப்பட்டிருக்கின்றது என்றிருந்தது. எது ஒத்திவைக்கப்பட்டது என்பது முந்திய வரியில் இருந்திருக்க வேண்டும். வாளியில் தேடினேன்; கிடைக்கவில்லை. அது ஏற்கெனவே உருகியிருக்கக்கூடும்.

"வைத்துக்கொள்ளுங்கள்" என்றார் முதியவர். "ஒரு சன்னம் குறைந்தால் ஒன்றும் ஆகிவிடாது."

அந்த வரி இப்போது எனது எழுதுமேசையில் இருக்கின்றது. விரலை ஓட்டிப் பார்ப்பதுண்டு. எந்த எழுத்தும் தாழவில்லை, எதுவும் உயரவில்லை. போர்மன் ஐயா இருந்திருந்தால் திருப்திப்பட்டிருப்பார்.