ஆறாத உடல்

காலை 11 மணிக்குப் பிரேதப் பரிசோதனை. "உடலில் சூடு இருந்தது. இறந்து 5, 6 மணி நேரத்துக்கு மேல் இருக்காது" என்று முதல் விசாரணையில் டாக்டர் சொல்லிவிட்டார். உடல் கிடந்த ரைஸ்மில்லிலிருந்து என் கட்சிக்காரன் ஓடியதைச் சாட்சிகள் பார்த்தது விடியற்காலை 5 மணிக்கு. "நான் போனப்பவே செத்துக் கிடந்தார் சார், பயந்து ஓடிட்டேன்" என்று என்னிடம் அழுதான் அந்தப் பையன்.

குறுக்கு விசாரணைக்கு முந்தின இரவு, எங்கள் தெருவிலிருந்த ஓய்வுபெற்ற இயற்பியல் பேராசிரியரிடம் போனேன். சூடு ஏன் ஆறுகிறது என்று கேட்டதும் அவர் கேரம் போர்டை எடுத்து வைத்தார்.

"உராய்வை விட்டுடுங்க தம்பி. ரெண்டு காய் மோதுறதைப் படம் பிடிச்சுப் பின்னாலேருந்து ஓட்டினா வித்தியாசம் தெரியாது. நியூட்டன் விதிக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணுதான்." பிறகு 19 காய்களையும் நடுவில் அடுக்கி அடித்தார். "இதைத் திருப்பி ஓட்டினா சின்னப் பிள்ளையும் கண்டுபிடிச்சிடும்."

அடுக்காக இருக்க மிகச் சில வழிகள், கலைந்து கிடக்க எண்ணி முடியாத வழிகள். 1877-ல் இயற்பியலாளர் போல்ட்ஸ்மான் கணக்கிட்டது இதைத்தான். வியன்னாவில் அவர் கல்லறையிலேயே இதற்கான சமன்பாட்டைப் பொறித்திருக்கிறார்கள். சூடு தானாகக் குளிர்ந்த பக்கம் மட்டுமே போவதும் இதனால்தான். ஒற்றை அணுவின் மோதலில் தெரியாத காலத்தின் திசை, கோடானுகோடி அணுக்கள் சேரும்போது தெரிகிறது.

"அப்போ முதல்ல அடுக்கி வச்சது யாரு சார்?"

"பிரபஞ்சம் தொடங்கினப்பவே அப்படி ஒழுங்கா இருந்திருக்கு. ஏன்னு இன்னும் யாருக்கும் தெரியலை."

செத்த உடல் ஆறுவதைப் பற்றிக் கேட்டேன். "சுத்தியிருக்கிற இடமும் 37 டிகிரின்னா எப்படி ஆறும்? வித்தியாசம் இருந்தாத்தான் சூடு நகரும். இல்லைன்னா அந்தக் கடிகாரம் ஓடாது தம்பி."

வீட்டுக்கு வந்ததும் பார்வை மகஜரையும் மாதிரி வரைபடத்தையும் விரித்தேன். உடல் கிடந்த அறையின் மேற்குச் சுவரை ஒட்டிப் பாய்லர்! அன்று இரவு முழுக்க நெல் அவித்ததாகவும், அந்த அறையில் சட்டையோடு உட்கார முடியாது என்றும் அரசுத் தரப்புச் சாட்சியான மில் தொழிலாளியே சொல்லியிருந்தார்.

மறுநாள் கேட்டேன். "அறையின் வெப்பம் உங்களுக்குத் தெரிவிக்கப்பட்டதா?"

"இல்லை."

"அது உடல் சூட்டுக்குச் சமமாக இருந்திருந்தால்?"

டாக்டர் சற்று யோசித்தார். "உடல் ஆறியிருக்காது. முந்தின இரவே இறந்திருக்கலாம்."

"விறைப்பு?"

"வெக்கையில் சீக்கிரமே வரும். அதை மட்டும் வைத்து நேரம் சொல்ல முடியாது."

எதிர்த்தரப்புச் சாட்சிதான். ஆனாலும் அந்த நேர்மைக்காக அவரை இன்றும் மதிக்கிறேன்.

சந்தேகத்தின் பலனில் பையன் விடுதலையானான். கோர்ட் வாசலில் இறந்தவரின் மனைவி நின்றிருந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"நடுராத்திரியோட திதி மாறுதாம்யா. அவர் உசுரு போனது அதுக்கு முன்னாடியா, பின்னாடியா? வருஷத் திதி கொடுக்கணும்."

அதைச் சொல்லக்கூடிய தடயம் எதுவும் அந்த அறையில் மிஞ்சியிருக்கவில்லை. "தெரியலைம்மா" என்று கைகூப்பினேன்.