ஏழு வாத்தும் ஒரு அடைக்கோழியும்

போன புரட்டாசியில் எங்கள் வீட்டில் ஏழு வாத்து இருந்தது. ஐப்பசி பிறந்தபோது மூன்றுதான் மிச்சம். யார் மேல தப்புன்னு கேட்டா, என் மேலதான்.

வாத்து வளர்க்காதவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். கோழிக்குப் பொழுது சாய்ந்தால் தானாக வந்து அடையத் தெரியும். வாத்து குளத்தில் கிடந்தால் கிடந்ததுதான். நாமதான் கம்பை எடுத்துக்கிட்டுப் போய் ஓட்டிட்டு வந்து அடைக்கணும். அதை ஒருநாளும் நான் தவறவிட்டதில்லை. அன்றைக்கும் ஏழு உருப்படியையும் எண்ணி உள்ளே விட்டுத் தாழ்ப்பாள் போட்டேன்.

காலையில் போய்ப் பார்த்தால், தாழ்ப்பாள் போட்டது போட்டபடி இருக்கிறது. உள்ளே நான்கு செத்துக் கிடக்கின்றன. ஒன்றைத்தான் தின்றிருந்தது, மற்ற மூன்றுக்கும் கழுத்தில் கடி. தப்பித்த மூன்றும் மூலையில் ஒட்டிக்கொண்டு சத்தமே இல்லாமல் நின்றன.

அப்பாயி வந்து தரையைப் பார்க்கவில்லை. அண்ணாந்து பார்த்தது.

"கீரின்னா பகல்லடா வரும். இது ராத்திரி வந்திருக்கு, மேல வழியா வந்திருக்கு. மரநாய்."

கூரையில் பெரிய ஓட்டை. பக்கத்தில் சாய்ந்து நிற்கும் தென்னை அதுக்கு ஏணி. ஆடி மாதமே அப்பாயி சொன்னது, "கீத்து மக்கிப்போச்சு, மாத்துடா"ன்னு. "நாத்து விட்டுட்டு மாத்துறேன் அப்பாயி" என்றேன். நாற்று விட்டாயிற்று, நடவும் ஆயிற்று, கீற்று மட்டும் மாறவில்லை.

பக்கத்து வயல்காரர் கண்ணி வைக்கலாம் என்றார். மரநாயும் கீரியும் 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறவை. பிடித்தாலும் அடித்தாலும் குற்றம். சட்டத்தை விடுங்கள், ராத்திரியெல்லாம் எலி பிடிக்கிறது யாரு? அப்பாயி ஒரே வார்த்தையில் முடித்தது: "அது வயித்துக்கு அது வந்துச்சு. நீ கூரையப் போடு."

போட்டேன். கீற்றை எடுத்துவிட்டுத் தகரம். தகரத்துக்கும் சுவருக்கும் நடுவில் அரை அங்குலக் கம்பி வலை. முன்னால் இருந்தது பெரிய கண் கோழி வலை. அது வாத்தை வெளியே விடாது, அவ்வளவுதான். வெளியே இருந்து கால் விட்டு இழுக்கிறதை அது தடுக்காது. நாயும் கீரியும் தோண்டும் என்பதால் சுற்றிலும் ஒரு அடி பறித்து வலையை மண்ணுக்குள் இறக்கினேன். கதவுக்கு இன்னொரு தாழ்ப்பாள். மொத்தம் ஒன்றரை நாள் வேலை. ஆடியிலிருந்து எனக்குக் கிடைக்காத நேரம் அந்த ஒன்றரை நாள்தான்.

பெட்டை இரண்டும் முட்டையை நிறுத்திவிட்டன. சாயங்காலம் கூண்டுப் பக்கம் ஓட்டினாலே மிரண்டு திரும்பின.

தை அறுவடை முடிந்ததும் மேய்ச்சல் வாத்துக்காரர்கள் எங்கள் வயலில் கிடை போட்டார்கள். நூற்றுக்கணக்கில் வாத்து, சுற்றி முழங்கால் உயரத்துக்கு ஒரு வலை. "இது போதுமாண்ணே?" என்று கேட்டேன். "வலையா தம்பி காவலு? நாங்க பக்கத்துல படுக்கிறதுதான் காவலு" என்றார். அவரிடம் ஒன்பது முட்டை வாங்கி வந்தேன்.

நாட்டு வாத்து ஒழுங்காக அடையில் உட்காராது. அதனால் அப்பாயி அடைக்கோழிக்கு வைத்தது. கோழிமுட்டைக்கு 21 நாள், வாத்துமுட்டைக்கு 28. அந்தக் கடைசி ஒரு வாரம் கோழி எழுந்து போய்விடாமல், தினமும் தூக்கி இரை காட்டி, முட்டை மேல் தண்ணீர் தெளித்து, மறுபடி உட்கார வைத்தது அப்பாயிதான். ஆறு பொரித்தது.

தாய் வாத்து இல்லாத குஞ்சுக்கு இறகில் எண்ணெய்ப் பசை இருக்காது. குளத்தில் விட்டால் நனைந்து விறைத்துவிடும். அகலமான சட்டியில் கூழாங்கல் போட்டு, அலகு முங்குகிற அளவுக்கு மட்டும் தண்ணீர் வைத்தோம். வேகவைத்த குருணையும் தவிடும் தீனி. பூஞ்சை பிடித்த கடலைப் பிண்ணாக்கு மட்டும் கூடவே கூடாது, வாத்துக்கு அது விஷம். காக்கைக்கும் பருந்துக்கும் பயந்து பகலெல்லாம் பஞ்சாரம்தான்.

ஒரு மாதம் ஆனதும் கூண்டுக்குள்ளேயே ஒரு மூலையை வலை கட்டித் தடுத்து அங்கே விட்டேன். பெரியவை பார்க்கலாம், கொத்த முடியாது. இரண்டு மாதத்தில் தடுப்பை எடுத்தேன். ஆண் வாத்து முதல் நாள் விரட்டி விரட்டிக் கொத்தியது. நான்காம் நாள் காலை, அதன் பின்னால் ஆறும் வரிசை கட்டிக் குளத்தில் இறங்கின. அடைக்கோழி கரையில் நின்று கத்திய கத்து தெருவுக்கே கேட்டது.

இப்போது ஒன்பது. தினமும் பொழுது சாய எண்ணி அடைத்துவிட்டு வருவேன். திண்ணையிலிருந்து அப்பாயி கேட்கும்.

"எத்தனடா?"

"ஒம்பது அப்பாயி."

"மேல பாத்தியா?"

திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன்.