கேம் வேணும், கேம்!

எழும்பூர் ஸ்டேஷனிலிருந்து பொடிநடையாகப் போனால் புதுப்பேட்டை. கதவு, டிக்கி, கியர் பாக்ஸ் என்று தெருவே ஒரு காரைப் பிரித்துப் போட்ட மாதிரி இருக்கும். கிரீஸ் வாசனை சட்டையில் ஒட்டிக்கொண்டு வீடுவரை கூட வரும்.

எங்கள் அம்பாசடரின் 1,489 சி.சி. பெட்ரோல் இன்ஜினுக்கு கேம் ஷாஃப்ட் தேடிப் போயிருந்தேன். 2014-லேயே அந்தக் கார் உற்பத்தி நின்றாச்சு. வேறு எங்கே போவது? டாப்பெட்டை எத்தனை தடவை அட்ஜஸ்ட் செய்தாலும் 'டிக் டிக்'. பாலம் ஏறினால் முனகல். ஷாஃப்ட்டிலுள்ள முட்டை வடிவ மேடு தேய்ந்துவிட்டால் வால்வு முழுசாகத் திறக்காது. சிலிண்டருக்கு அரைச் சாப்பாடுதான்!

கடை பாய் ஒரு ஷாஃப்ட்டை எடுத்தார். விலை கேட்டேன். பதிலே சொல்லாமல் வெர்னியர் வைத்து 8 மேட்டையும் அளந்தார். ஏழு சரி, ஒன்று குட்டை. தூரப் போட்டுவிட்டார். (வியாபாரி ஐயா!) மூன்றாவதுதான் தேறியது.

"டாப்பெட் எட்டையும் மாத்திடுங்க தம்பி. பழசுக்கு அடி குழிஞ்சிருக்கும். அதையே போட்டா நல்ல ஷாஃப்ட்டையும் தின்னுடும்."

மாட்டுவது லேசுப்பட்ட வேலையில்லை. ரேடியேட்டர், டைமிங் செயின், டிஸ்ட்ரிபியூட்டர், ஆயில் பம்ப் எல்லாம் கழன்றால்தான் ஷாஃப்ட் முன்பக்கமாக வெளியே வரும். மெக்கானிக்குக்கு இரண்டு நாள் பிடித்தது.

முதல் ஸ்டார்ட்டில் ஐடிலில் விடக்கூடாதாம். மேடும் டாப்பெட்டும் ஒன்றுக்கொன்று பழக, ஆக்ஸிலரேட்டரை அழுத்தியபடி 20 நிமிஷம் ஓடவிட்டோம். அத்தனை நேரமும் பக்கத்து வீட்டு மாமா ஜன்னலை விட்டு நகரவில்லை.

'டிக் டிக்' மட்டும் கேட்கவில்லை.