இரவல் போன புத்தகம்

அப்பா மறைந்த பிறகு அவருடைய புத்தகங்களுக்கு ஒரு பட்டியல் தயாரிக்க எண்ணி, ஜாவாஸ்கிரிப்டில் சிறு நிரலொன்றை எழுதத் தொடங்கினேன். அம்மொழியில் பெயர்களைத் தமிழ் எழுத்திலேயே வைக்கலாம். எனவே கிளாஸுக்கு 'நூல்' என்று பெயரிட்டேன். தலைப்பு, ஆசிரியர், இரவல் போன தேதி ஆகியவை அதிலிருந்து உருவாகும் ஒவ்வொரு ஆப்ஜெக்டுக்கும் தனித்தனியே உரியவை.

முதல் பிழை எண்ணிக்கையில் நேர்ந்தது. 'மொத்தம்' என்பதையும் நூலுக்குள்ளேயே பூஜ்யமாக வைத்து, நூல் உருவாகும்போது ஒன்று கூட்டினேன். எல்லா நூல்களும் 'மொத்தம் 1' என்றே சொல்லின. ஒவ்வொன்றும் தன்னை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தது. அலமாரியில் எத்தனை புத்தகங்கள் என்று ஒரு புத்தகத்திடம் கேட்பது முறையல்லவே! முன்னால் 'ஸ்டேட்டிக்' என்று சேர்த்ததும் அந்த எண் கிளாஸுக்கே உரியதாயிற்று. இனி 'நூல்.மொத்தம்' என்று கிளாஸிடம்தான் கேட்கவேண்டும். தனி நூலிடம் கேட்டால் 'அன்டிஃபைன்ட்' என்றே விடை வரும். 2015இல் கிளாஸ் அறிமுகமானபோது செயல்களை மட்டுமே இவ்வாறு பொதுவில் வைக்க முடிந்தது. மதிப்புகளையும் நேரடியாக வைக்கும் வசதி 2022ஆம் ஆண்டின் தரநிர்ணயத்தில்தான் சேர்ந்தது.

இரண்டாவது பிழை நுட்பமானது. புத்தகம் வெளியே போய் எத்தனை நாள் என்பதைப் பதிவின்போதே கணக்கிட்டுச் சேமித்துவிட்டேன். மறுவாரமும் அதே எண். காலம் நகர்ந்தது நிரலுக்குத் தெரியவில்லை. இதற்குத்தான் 'கெட்டர்' உதவியது. வெளியிலிருந்து பார்த்தால் தலைப்பைப் போல அதுவும் ஒரு சாதாரண மதிப்பு. பின்னால் அடைப்புக்குறிகூட இல்லை. உள்ளேயோ எதுவும் சேமிக்கப்படவில்லை. கேட்கும் ஒவ்வொரு முறையும் இன்றைய தேதியிலிருந்து இரவல் தேதியைக் கழித்துச் சொல்கிறது.

அப்பாவின் நோட்டில் 1996ஆம் ஆண்டுத் தேதியுடன் ஒரு நண்பரின் பெயர் இருந்தது. அந்த நூலைக் கேட்டதும் திரையில் பத்தாயிரத்தைத் தாண்டிய ஓர் எண் வந்தது. மறுநாள் காலை அதில் ஒன்று கூடியிருந்தது.

அவரைத் தொலைபேசியில் அழைத்தேன். புத்தகம் பத்திரமாக இருக்கிறது, கொண்டுவந்து தரட்டுமா என்றார். உங்களிடமே இருக்கட்டும் என்றேன். திரும்பி வந்துவிட்டால் அந்தக் கணக்கு நின்றுவிடும்.